மருந்தக்கா எடுத்த படங்கள்

இருபத்திரண்டு வருடமாக ஒரே மருந்துக்கடையில் நிற்பவளுக்கு மருந்தக்கா என்று பெயர் விழுந்ததில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. இடுப்பில் கைக்குழந்தையோடு வருகிறவளிலிருந்து கோல் ஊன்றி வருகிற கிழவர்வரை எல்லோருக்கும் அவள் அக்காதான். டாக்டர்களின் கோழிக்கிறுக்கலைப் படிப்பதில் அவளை மிஞ்ச அந்த வட்டாரத்தில் ஆளில்லை. "டாக்டரே வந்து, நான் என்ன எழுதியிருக்கேன்னு இவங்ககிட்டதான் கேப்பாரு" என்று கடை முதலாளி சொல்லிச் சிரிப்பான். அப்பா காலத்தில் அரைக்கால் சட்டையோடு கடைக்கு வந்து இருமல் மிட்டாய் திருடித் தின்றவன்தான் இப்போது முதலாளி. அவனுக்கும் அவள் அக்கா, அவளுக்கு அவன் தம்பி.

அப்படிப்பட்டவளுக்கு ஐம்பத்து மூன்றாவது வயதில் ஒரு கிலி பிடித்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் பெரியக்காவைப் பார்க்கப் போயிருந்தாள். பெரியக்கா தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். ஐந்நூறு எண்களை மனசிலேயே வைத்திருந்த மனுஷி. ஐம்பத்தாறாவது வயதில் அந்த மனசில் முதல் ஓட்டை விழுந்தது. இப்போது வயது அறுபது. மருந்தக்கா ஆரஞ்சு உரித்துக் கொடுத்தாள். பெரியக்கா ஒரு சுளையை வாயில் போட்டுக்கொண்டு, அவள் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, புது ஆளிடம் பேசுகிற மரியாதையோடு சொன்னாள்:

"உங்களப் பாத்தா என் தங்கச்சி ஜாடை தெரியுதுங்க. அவ மருந்துக்கடையில இருக்கா. ரொம்பக் கெட்டிக்காரி."

மருந்தக்காவின் கையில் இருந்த ஆரஞ்சு அப்படியே நின்றது. "அப்படிங்களா" என்று அடுத்த சுளையை நீட்டினாள். திரும்பி வரும் வழியெல்லாம் பஸ் ஜன்னலில் தெரிந்த தன் முகத்தைப் பார்த்துக்கொண்டே வந்தாள். அதே மூக்கு. அதே தாடை. முகத்தில் இத்தனை ஜாடை இருக்கிறதென்றால், மண்டைக்குள்ளே இல்லாமலா போகும்?

மறுநாளே ஆரம்பித்துவிட்டது. பஸ் நிறுத்தம்வரை போனவளுக்கு, கேஸ் அடுப்பை அணைத்தோமா என்று சந்தேகம். திரும்பி வந்து பார்த்தாள், அணைந்திருந்தது. அடுத்த நாள் பூட்டு. அதற்கடுத்த நாள் இஸ்திரிப்பெட்டி. பூட்டியதும் அணைத்ததும் எல்லாம் சரியாகத்தான் இருந்தன. ஆனால் செய்தது நினைவில் இல்லை என்பதுதான் அவளைக் குடைந்தது. இருபது வருடமாகக் கை பாட்டுக்குப் பூட்டுகிற பூட்டு யாருக்குத்தான் நினைவிருக்கும்? அதை அவளிடம் யார் சொல்வது? அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்.

அந்த வார முடிவில் போய் ஒரு கேமரா வாங்கினாள். போன் இருக்கத்தானே செய்கிறது என்று கேட்கலாம். கடையில் கவுண்டருக்குப் பின்னால் போன் கூடாது. உள்ளே வந்ததும் மேசை இழுப்பறையில் போட்டுவிட வேண்டும். அதுவுமில்லாமல் அவள் போனில் உறவுக்காரர்கள் அனுப்புகிற காலை வணக்கங்கள் குவிந்து கிடக்கும். பூட்டைத் தேடிப் போனால் பூங்கொத்து வந்து நிற்கும்.

"இருக்கறதுலயே சின்னதா, கனமில்லாததா ஒண்ணு குடுங்க" என்றாள் கேமராக் கடைக்காரரிடம்.

அவர் ஒன்றை எடுத்து வைத்தார். குளியல் சோப்பு அளவுதான் இருந்தது. பொத்தானை அமுக்கினால் லென்ஸ் ஸ்ர்ர்ரென்று ஆமைத்தலை போல வெளியே வந்தது. "இதுல மரத்து உச்சியில இருக்கற குருவியக்கூட பக்கத்துல இழுத்து எடுக்கலாம் மேடம்."

"குருவி வேணாங்க. அடுப்பு விழுமா?"

கடைக்காரர் அவளை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, கிட்டத்தில் இருப்பதை எடுப்பதற்கான பூப்படம் போட்ட பொத்தானைக் காட்டிக் கொடுத்தார்.

அன்றிலிருந்து தினமும் வீட்டைச் சுற்றி ஒரு வலம். அடுப்புக் குமிழ் இரண்டு, கேஸ் சிலிண்டர் வாய், இஸ்திரிப்பெட்டியின் பிளக், பின்பக்க ஜன்னல் கொக்கி, கடைசியாகத் தெருக்கதவுப் பூட்டு. ஆறு படம். பஸ்ஸில் உட்கார்ந்ததும் கேமராவைத் திறந்து ஆறையும் பார்ப்பாள். மார்பிலிருந்து ஒரு பாறாங்கல் இறங்கும். முதல் பதினைந்து நாள் அவளுக்கு அது தெய்வம் கையில் கொடுத்த வரம் மாதிரி இருந்தது.

பிறகு பயம் கேமராவுக்குள்ளேயே குடிபுகுந்தது. பார்ப்பது இன்றைய பூட்டுதானா, நேற்றைய பூட்டா? பூட்டெல்லாம் ஒரே பூட்டுதானே! படத்தின் ஓரத்தில் தேதி விழும்படி செய்தாள். தேதியைச் சரியாக வைத்தோமா என்று சந்தேகம். குமிழுக்குப் பக்கத்தில் திங்கட்கிழமை கரண்டி, செவ்வாய்க்கிழமை டம்ளர், புதன்கிழமை உப்பு ஜாடி என்று அடையாளம் வைத்து எடுக்க ஆரம்பித்தாள். ஒருநாள் பாட்டரி தீர்ந்து திரை இருண்டபோது, ஓடுகிற பஸ்ஸை நடுவழியில் நிறுத்தச் சொல்லி இறங்கி வீட்டுக்கே நடந்தாள்.

அவள் கணவர் பஸ் டிப்போவில் மெக்கானிக். எஞ்சின் சத்தத்தைக் கேட்டே கோளாறைச் சொல்கிறவர். பெண்டாட்டியிடம் கேட்ட சத்தம் அவருக்குப் பிடிபடவில்லை.

"ஏம்மா, வீட்ட விட்டு வெளிய போயும் வீட்டத்தான் பாத்துக்கிட்டு இருக்கே. என்ன ஆச்சு உனக்கு?"

"ஒண்ணுமில்லைங்க. சும்மா ஒரு பழக்கம்."

"டாக்டர்கிட்ட ஒருதடவ காட்டிடலாமே?"

காட்டினால் சொல்லிவிடுவார்கள். சொல்லிவிட்டால் அது உண்மையாகிவிடும். "எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்" என்று அடுப்படிக்குள் போய்விட்டாள்.

இரண்டாவது மாதம் கேமரா கடைக்குள்ளும் வந்தது. வீட்டில் மறந்தால் வீடுதான் எரியும், கடையில் மறந்தால்? வெள்ளை அங்கியின் பையில் அதைப் போட்டுக்கொண்டாள். ஒவ்வொரு டாக்டர் சீட்டுக்கும் மருந்தை எடுத்து, தட்டில் சீட்டையும் மாத்திரைப் பட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒரு படம் எடுத்துவிட்டுத்தான் பையில் போடுவாள். பிறகு மதியச் சாப்பாட்டின்போது அன்றைய படங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்பாள்.

முதலாளி முதல்தடவை பார்த்துச் சிரித்தான். "என்னக்கா, மாத்திரைக்கெல்லாம் கல்யாண ஆல்பம் போடுறீங்களா?"

"ஒரு பாதுகாப்புக்குத்தான் தம்பி."

"நல்லதுதான், நல்லதுதான்" என்று அவன் கல்லாப் பக்கம் போய்விட்டான்.

மூன்று மாதத்தில் ஒரு தப்புகூட இல்லை. அது அவளுக்கு ஆறுதல் தரவில்லை. இன்னும் வரவில்லை, வரப்போகிறது என்றே தோன்றியது.

அது ஒரு வியாழக்கிழமை. காலை பத்து மணிக்குக் கடிகாரக்காரர் வந்தார். பக்கத்து அங்காடியின் நடைபாதையில், ஒரு ஆள் உட்காரும் அளவுக்கு மட்டும் இடம் இருக்கிற கூண்டில் கைக்கடிகாரம் பழுது பார்க்கிறவர். வயது எழுபதைத் தொடும். டாக்டர் அவருக்குப் புதிதாகச் சர்க்கரைக்கு ஒரு மாத்திரை எழுதியிருந்தார், ஒரு மில்லிகிராம்.

"சாப்பாட்டுக்கு முன்னாடி போடணுமாம்லக்கா?"

எழுபது வயதுக்காரர் தன்னை அக்கா என்பதில் அவளுக்கு எப்போதும் ஒரு சிரிப்பு வரும். "ஆமாங்கய்யா. போட்டதும் சாப்பிட்டுடணும். வயித்தக் காயப் போடக்கூடாது."

"இப்பவே ஒண்ணு போட்டுட்டு நேரா சாப்பிடத்தான் போறேன்."

அவருக்குப் பின்னால் நான்கு பேர் நின்றார்கள். பட்டையை எடுத்துத் தட்டில் வைத்துப் படம் எடுத்தாள். வெள்ளிக் காகிதத்தில் ஃபிளாஷ் பட்டு வெறும் வெளிச்சமாக விழுந்தது. மறுபடி எடுத்தாள், கை ஆடிவிட்டது. தட்டைக் கொஞ்சம் திருப்பி மூன்றாவது தடவை எடுத்தாள். எழுத்தெல்லாம் பளிச்சென்று வந்தது. நிம்மதியாகப் பையில் போட்டுக் கொடுத்தாள்.

ஒன்றரை மணிக்கு உள்ளறையில் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு படங்களைத் தள்ளிக்கொண்டே வந்தாள். எட்டாவது படத்தில் கை நின்றது. பெரிதாக்கினாள். சீட்டில் ஒரு மில்லி. பட்டையில் நான்கு.

இன்னும் பெரிதாக்கினாள். நான்குதான்.

காதுக்குள் ஒரு ரீங்காரம் கேட்டது. வந்துவிட்டது, பெரியக்காவுக்கு வந்தது எனக்கும் வந்துவிட்டது என்றுதான் முதலில் தோன்றியது. அந்தப் பொல்லாத நொடிக்காக அவள் பின்னால் பலநாள் வெட்கப்பட்டாள். மாத்திரை வாங்கிப் போனவரைப் பற்றி நினைப்பதற்கு முன்னால் தன்னைப் பற்றி நினைத்துவிட்டாளே என்று. அடுத்த நொடியில் கடிகாரக்காரரின் முகம் வந்தது. நான்கு பங்கு மாத்திரை. சர்க்கரை இறங்கிக்கொண்டே போகும். வியர்க்கும், கை நடுங்கும், புத்தி தடுமாறும், பிறகு நினைவே போகும். மூன்றரை மணி நேரம் ஆகிவிட்டது.

சீட்டுப் பதிவேட்டில் இருந்த அவர் எண்ணுக்குக் கடைப் போனிலிருந்து அடித்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. மறுபடி அடித்தாள். எடுக்கவில்லை. முதலாளி வெளியே போயிருந்தான். கல்லாவில் இருந்த பெண்ணிடம், "கடையப் பாத்துக்க, யாருக்கும் மருந்து குடுக்காத, தம்பிக்குப் போன் போட்டு வரச் சொல்லு" என்று சொல்லிவிட்டு, அங்கியைக்கூடக் கழற்றாமல் தெருவில் இறங்கி ஓடினாள்.

ஐம்பத்து மூன்று வயதில் அவள் அப்படி ஓடி ஊர் பார்த்ததில்லை. செருப்பு ஒன்று அறுந்தது, இரண்டையும் விட்டுவிட்டாள். வழியில் எதிர்ப்பட்டவர்கள் "என்னக்கா, என்னக்கா" என்றார்கள். அவள் யார் முகத்தையும் பார்க்கவில்லை. அங்காடி வாசலில் நாலைந்து பேர் கூட்டமாக நிற்பதைப் பார்த்ததும் இன்னும் வேகமாக ஓடினாள். கிட்டே போனால், தர்ப்பூசணிக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

கடிகாரக்காரர் கூண்டுக்குள் உட்கார்ந்துதான் இருந்தார். ஒரு கண்ணில் உருப்பெருக்கிக் கண்ணாடி. கையில் இடுக்கி. ஆனால் இடுக்கியில் ஒன்றும் இல்லை. சட்டை முதுகோடு நனைந்து ஒட்டியிருந்தது. மேசையில் ஒரு சாப்பாட்டுப் பொட்டலம், இரண்டு வாய் எடுத்தபடி காய்ந்து கிடந்தது. போன் அதற்குப் பக்கத்திலேயே இருந்தது.

"ஐயா! ஐயா, என்னைத் தெரியுதா?"

அவர் மெதுவாகத் தலையைத் தூக்கினார். சுவரில் முப்பது கடிகாரங்கள் ஓடிக்கொண்டிருந்தன. "மணி என்னங்க?" என்று கேட்டார். நாக்கு குழறியது. "யாரும் மணி சொல்ல மாட்டேங்கறாங்க."

அந்தக் கேள்வி அவளுக்குள் எங்கேயோ போய்க் குத்தியது. ஆனால் நிற்க நேரமில்லை. எதிர்ப்பக்கத் தேநீர்க் கடையைப் பார்த்துக் கத்தினாள்: "அண்ணே, சக்கரை! டம்ளர்ல தண்ணி ஊத்திச் சக்கரையக் கொட்டிக் குடுங்க, சீக்கிரம்!"

தேநீர்க் கடைக்காரர் கேள்வி கேட்காமல் நான்கு கரண்டி போட்டுக் கலக்கிக்கொண்டு ஓடிவந்தார். மருந்தக்கா கடிகாரக்காரரின் தலையை நிமிர்த்திப் பிடித்து, "முழுங்குங்கய்யா. கொஞ்சம் கொஞ்சமா. ஆங், அப்படித்தான்" என்று வாய் வாயாகக் கொடுத்தாள். அவர் விழுங்கினார். விழுங்குகிறாரே என்பதே அவளுக்குப் பெரிய விஷயமாக இருந்தது. ஒரு டம்ளர் முடிந்து இன்னொரு டம்ளரில் பாதி போனதும், அவர் கண்ணில் இருந்த கண்ணாடியைத் தானே எடுத்துக் கீழே வைத்தார்.

"மருந்தக்காவா? ஏன் செருப்பில்லாம நிக்கறீங்க?"

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆனாலும் அவரை அப்படியே விட்டுவிடவில்லை. தேநீர்க் கடைக்காரரும் அவளும் இரண்டு பக்கமும் தாங்கி வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

அவசரப் பிரிவில் இருந்த இளம் டாக்டரம்மா, "என்ன மாத்திரை? எத்தனை மில்லி? எப்போ போட்டார்?" என்று கேட்டாள். மருந்தக்கா அங்கிப் பையிலிருந்து கேமராவை எடுத்துப் படத்தைக் காட்டினாள். சீட்டு, பட்டை, ஓரத்தில் நேரம்.

"இது போதும்" என்றாள் டாக்டரம்மா. "இந்த மாத்திரை சட்டுனு விடாது. இப்போ ஏறின சர்க்கரை மறுபடி இறங்கும். நாளைக்கு வரைக்கும் இங்கயே இருக்கட்டும். நல்லவேளை, நேரத்துக்குக் கொண்டு வந்தீங்க."

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் போட்டிருந்த பலகையில் அவள் உட்கார்ந்திருந்தபோது முதலாளி மூச்சு வாங்க வந்து சேர்ந்தான். விஷயத்தைக் கேட்டதும் முகம் வெளுத்துப்போனது. அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"அக்கா, அந்தப் படம் கேமராவுலதான இருக்கு? வேற எங்கயும் இல்லையே?"

"இல்ல."

"அழிச்சிடுங்க. ஒரு பட்டன்தான். பெரியவரு தப்பா ரெண்டு மூணு போட்டுக்கிட்டாருன்னு இருக்கட்டும். கடை போச்சுன்னா நீங்களும் நானும் நடுத்தெருவுல."

அவள் கேமராவைப் பார்த்தாள். குப்பைத்தொட்டிப் படம் போட்ட சின்னப் பொத்தான் கட்டைவிரலுக்கு நேராகத்தான் இருந்தது. பயம் அவளுக்குப் புதிதா என்ன? மூன்று மாதமாகப் பயத்தோடுதான் உண்டாள், உடுத்தாள். ஆனால் இது வேறு மாதிரிப் பயமாக இருந்தது. அழித்துவிட்டால், நாளைக்குத் தன் வாயாலேயே அப்படி ஒன்று நடக்கவில்லை என்று சொல்ல வேண்டும். பெரியக்கா மறந்தாள் என்றால் அது நோய். தான் மறந்ததாக நடித்தால் அதற்கு என்ன பெயர்?

"தம்பி, டாக்டரம்மா அதப் பாத்துதான் வைத்தியம் பண்றாங்க. நான் காட்டிட்டேன்." கேமராவைப் பைக்குள் போட்டாள். "பெரியவரோட வீட்டுக்காரம்மா வந்துட்டிருக்காங்க. நானே சொல்லிக்கறேன்."

கடிகாரக்காரரின் மனைவி வந்தார். ஒல்லியான பெண்மணி. மருந்தக்கா எழுந்து நின்று சொன்னாள்: "தப்பு என்னோடதும்மா. ஒரு மில்லிக்குப் பதிலா நாலு மில்லி மாத்திரை குடுத்துட்டேன். இப்போ ஆபத்து இல்லைன்னு சொல்லியிருக்காங்க."

அந்த அம்மாள் தாழ்வாரமே திரும்பிப் பார்க்கும்படி கேட்டார்: "கண்ண எங்கம்மா வெச்சிருந்தே? இருபது வருஷமா உன் கையத்தான நம்பி வாங்கறோம். கண்ண எங்க வெச்சிருந்தே?"

பதில் சொல்ல வாயெடுத்த மருந்தக்காவுக்குப் பொட்டில் அறைந்தாற்போல இருந்தது. கண் எங்கே இருந்தது? ஃபிளாஷ் வெளிச்சத்தில் இருந்தது. ஆடிப்போன படத்தில் இருந்தது. தட்டை எந்தப் பக்கம் திருப்பினால் எழுத்துப் பளிச்சென்று விழும் என்பதில் இருந்தது. மூன்று தடவை அந்த எழுத்தைப் படம் எடுத்தவள், ஒருதடவைகூட அதைப் படிக்கவில்லை. முன்பெல்லாம் பட்டையை எடுத்ததும் உதட்டுக்குள் பெயரையும் அளவையும் சொல்லிக்கொள்வாள். கேமரா வந்தபிறகு அந்தப் பழக்கம் நின்றுபோயிருந்தது. படம் இருக்கிறதே, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று.

"இதுலம்மா" என்று கேமராவைக் காட்டினாள். அந்த அம்மாளுக்கு அது விளங்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

கடிகாரக்காரர் மறுநாள் மாலை வீடு திரும்பினார். ஆஸ்பத்திரியிலிருந்து மருந்துக் கண்காணிப்பு அலுவலகத்துக்கு நடந்ததை எழுத்தில் கொடுத்தார்கள். கடைக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. முதலாளி ஒரு வாரம் அவளிடம் சரியாக முகம் கொடுத்துப் பேசவில்லை. ஒரு மில்லியும் நாலு மில்லியும் ஒரே அலமாரியில் அடுத்தடுத்து இருந்ததைத் தானே பிரித்து, ஒன்றை மேல்தட்டிலும் மற்றதைக் கீழ்த்தட்டிலும் வைத்தான். கவுண்டரில் நிற்க மாட்டேன் என்று அவளாகவே சொல்லிவிட்டுக் கிடங்கில் பெட்டி பிரிக்கும் வேலைக்குப் போனாள்.

"டாக்டர்கிட்ட நான் கூப்பிட்டப்பவே வந்திருக்கலாம்ல?" என்றார் கணவர்.

"பயமா இருந்துதுங்க."

"இப்ப?"

"இப்பவும்தான். ஆனா இனி என் பயத்துக்கு இன்னொருத்தர் மாத்திரை போடக்கூடாது."

ஞாபகசக்தியைச் சோதிக்கிற டாக்டரின் அறையில் ஒரு மணி நேரம் இருந்தாள். ஐந்து சொற்களைச் சொல்லி, கொஞ்ச நேரம் கழித்துத் திருப்பிக் கேட்டார். நூறிலிருந்து ஏழு ஏழாகக் குறைக்கச் சொன்னார். கடிகாரம் வரைந்து பதினொன்று பத்து காட்டச் சொன்னபோது, அவள் போட்ட முள் கோணலாகப் போனது. வெளியே உட்கார்ந்திருந்த கணவரையும் கூப்பிட்டு நிறையக் கேட்டார். இரத்தம் எடுத்தார்கள், தலையைப் படம் பிடித்தார்கள். முடிவு வர எட்டு நாள் ஆயிற்று. அந்த எட்டு நாளும் அவள் சாப்பிட்டது நாலு நாள் சாப்பாடுகூட இருக்காது.

"உங்களுக்கு மறதி நோய் இல்லம்மா" என்றார் டாக்டர். "அஞ்சு சொல்லுல அஞ்சும் சொன்னீங்க. உங்களுக்கு இருக்கறது பயம். திரும்பத் திரும்பப் பாக்கச் சொல்ற பயம். அதுவும் நோய்தான், அதுக்கும் வைத்தியம் உண்டு."

கணவர் நாற்காலியில் சாய்ந்து பெருமூச்சு விட்டார். அவள் விடவில்லை. "அஞ்சு வருஷம் கழிச்சு வருமா டாக்டர்? எங்கக்காவுக்கு வந்த மாதிரி?"

டாக்டர் பூசி மெழுகவில்லை. "தெரியாது. வரலாம், வராமலும் போகலாம். வருஷத்துக்கு ஒருதடவ வாங்க, பாத்துக்கலாம். ஆனா அந்தக் கேமரா அதத் தடுக்காது."

வைத்தியம் விநோதமாக இருந்தது. வாரத்துக்கு ஒரு படத்தைக் குறைக்க வேண்டும். முதல் வாரம் ஜன்னல் கொக்கி. படம் எடுக்காமல் பஸ் ஏறினாள். மார்பு படபடத்தது, உள்ளங்கை வேர்த்தது. பயம் ஏறி ஏறி உச்சிக்குப் போனது. டாக்டர் சொன்னபடி ஒன்றும் செய்யாமல் அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். ஏழாவது நிறுத்தம் வருவதற்குள் அது தானாக இறங்கியது. யாரும் அதைத் துரத்தவில்லை. இறங்கும் என்பதே அவளுக்கு அதுவரை தெரியாது.

இரண்டாவது வாரம் இஸ்திரிப்பெட்டி. மூன்றாவது வாரம் சிலிண்டர். நடுவில் ஒருநாள் தோற்றுப்போய்ப் பாதி வழியில் திரும்பி வந்தாள்; கணவர் ஒன்றும் கேட்காமல் டிப்போவுக்குப் போகிற வழியில் அவளைக் கடையில் இறக்கிவிட்டார். இரண்டு மாதம் கழித்துக் கவுண்டருக்குத் திரும்பினாள். கேமராவுக்குக் கடையில் இடமில்லை. ஒருவர் எடுக்க, இன்னொருவர் பெயரையும் அளவையும் சத்தமாகப் படிக்க வேண்டும் என்று முதலாளி புது முறை வைத்தான். அவள் குரல் தெருவரை கேட்கும்.

கடிகாரக்காரர் அந்த வாரமே வந்தார். அவர் மனைவி வேறு கடையில் வாங்கச் சொல்லியிருக்கிறாராம். இவர் தெரியாமல் வந்திருக்கிறார். பட்டையை வாங்கி, சட்டைப் பையிலிருந்து ஒரு கண்ணாடியை எடுத்துக் கண்ணில் வைத்து, எழுத்தெழுத்தாகப் படித்தார்.

"ஒரு மில்லி. சரிதான்" என்றார். "கோவிச்சுக்காதீங்கக்கா. உங்க மேல நம்பிக்கை இருக்கு. இருந்தாலும் நானும் ஒருதடவ பாத்துக்கறேன்."

"பாருங்கய்யா. ரெண்டுதடவ பாருங்க."

இப்போது அவள் வீட்டில் எடுப்பது ஒரே ஒரு படம்தான், தெருக்கதவுப் பூட்டு. அதை மட்டும் இன்னும் விட முடியவில்லை. ஆறு வாரமாக முயன்று பார்க்கிறாள். டாக்டர் அவசரமில்லை என்று சொல்லியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் பெரியக்காவைப் பார்க்கப் போகிறாள். அங்கே போவதற்கு முதல்நாள் சாயங்காலமே பயம் வந்துவிடுகிறது, ஆனாலும் போகிறாள். போன வாரம் இருவரும் சேர்ந்து ஒரு கிலோ பட்டாணியை உரித்தார்கள். பெரியக்கா யாரிடமோ பேசுவதுபோல ஒரு தொலைபேசி எண்ணை ஒப்பித்துக்கொண்டே உரித்தாள். யாருடைய எண் என்று மருந்தக்காவுக்குத் தெரியவில்லை. கேட்கவும் இல்லை.